மேடைக்குயில் தங்கப்பழத்துக்கு நான் எழுதின நாலு வரி

வெள்ளிக்கெழம எனக்கு ஒரே ஒரு வேலைதான். பிளக்ஸ் கடைக்குப் போயி ஒரு பேனருக்குச் சொல்லிட்டு வரணும்.

சொல்லிட்டு வந்தேன்.

அதுக்குப் பொறவு நடந்ததைத்தான் இப்பச் சொல்லப் போறேன். படிச்சுட்டு யாரும் எனக்குப் போன் பண்ண வேண்டாம். ஏற்கெனவே பண்ணுனவியளே போதும்.

புதுசா வந்தவியளுக்கு மொதல்ல நான் யாருன்னு சொல்லிருதேன். பேரு செல்வி. கோவில்பட்டியில ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல பேக்கிங் சூப்பர்வைசர். எங்க ஊர்ல தீப்பெட்டி கம்பெனின்னு சொல்ல மாட்டோம், ஆபீஸ்னுதான் சொல்லுவோம். வெளியூர்க்காரவிய நான் ஏசி ரூம்ல உக்காந்திருக்கேன்னு நெனச்சுக்கிடுவாவ. நானும் திருத்துறதில்ல.

பாட்டு கேக்குறது எனக்கு ஒரு வியாதி. அதே வியாதி உள்ள நாப்பது பேரு சேந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்கோம். பேரு ஞாயிறு ராகம். வாரத்துக்கு ஒருத்தர் தனக்குப் பிடிச்ச பாடகரப் பத்தி எழுதி, மூணு பாட்டு போடணும். மத்தவிய கேட்டுட்டு அருமைன்னு சொல்லணும். கேக்காமலும் சொல்லலாம். நாலு நிமிசப் பாட்டுக்கு அரை நிமிசத்துல பதினோரு அருமை வந்துரும்.

குரூப் அட்மின் சவுந்தரபாண்டி அண்ணாச்சி. மெயின் ரோட்டுல பலசரக்குக் கடை வச்சிருக்காரு. அவருக்குப் பிடிச்ச பாடகர் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. கடைக்கு வாரவருக்கு யாரப் பிடிக்குமோ அவரத்தான் அண்ணாச்சிக்கும் பிடிக்கும்.

அடுத்து ஜெயராணி டீச்சர். ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு எடுக்காவ. அவியளுக்குக் கொரியாவுல ஆடிப் பாடுத ஒரு கூட்டம் பையங்களத்தான் பிடிக்கும்.

"அர்த்தம் தெரியுமா டீச்சர்?"ன்னு ஒருநாள் கேட்டேன்.

"தெரிஞ்சா பிடிக்காமப் போயிருமோன்னு பாக்கலக்கா"ன்னாவ.

என் மொறை வந்தப்ப நான் எழுதினது மேடைக்குயில் தங்கப்பழத்தைப் பத்தி.

உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் உங்களுக்குத் தெரியாதுன்னு. விளாத்திகுளம் பக்கத்துக்காரரு. அந்தக் காலத்துல சுத்துப்பட்டுக் கோயில் கொடைத் திருவிழாவுக்கெல்லாம் கச்சேரி பாடினவரு. ரெண்டு கேசட் வந்துச்சு. ரெண்டும் எங்கிட்ட இருக்கு. மூணாவது ஏன் வரலன்னா, மொத ரெண்டையும் என்னையத் தவிர யாரும் வாங்கல. நான் பிளஸ் டூ படிக்கையில எப்போதும்வென்றான்ங்க ஊருக் கொடையில அவரு பாடக் கேட்டேன். அன்னையில இருந்து எனக்கு உலகத்துல வேற பாடகர் கெடையாது.

மூணு பாட்டு போட்டேன். பதினோரு அருமை வந்துச்சு. அண்ணாச்சி மட்டும், "இவரு இன்னும் பாடுதாராம்மா?"ன்னு கேட்டாரு.

விசாரிச்சு நம்பரப் பிடிச்சுப் பேசினேன். பாடுதாராம். கூப்புட்டா வருவாராம். யாரும் கூப்புடலையாம்.

அப்படித்தான் முடிவாச்சு. ஞாயித்துக்கெழம காலைல பதினோரு மணிக்கு, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஓட்டல் மாடி ஹால்ல நிகழ்ச்சி. கரோக்கி வச்சுப் பாடுவாரு, பொறவு சாப்பாடு. வாரேன்னு சொன்னது பதினெட்டு பேரு. அண்ணாச்சி மைக் செட்டு, டீச்சர் சாப்பாடு, நான் பேனர்.

"வாசகத்த நான் எழுதித் தாரேம்மா"ன்னாரு அண்ணாச்சி.

"இருக்கட்டும் அண்ணாச்சி, நானே எழுதிக்கிடுதேன்"ன்னேன். இத்தன வருசமா மனசுக்குள்ள தேக்கி வச்சிருந்தேன்லா.

மத்தியானம் சாப்புடுற நேரத்துல, தீப்பெட்டி லேபிளுக்குப் பின்னால எழுதினேன். இதான் அது:

மேடையை விட்டு எங்கள் மனதுக்குள் குடியேறிய குயிலே,
நீ எங்கே இருந்தாலும் உன் குரல் எங்களோடு இருக்கும்.
உன்னைப் போல் ஒருவர் இனி வரப்போவதில்லை.
கண்ணீர் மல்கக் கைகூப்பும் ஞாயிறு ராகம் நண்பர்கள்.

எழுதிட்டு ரெண்டு தடவை படிச்சேன். எனக்கே கண்ணு கலங்கிருச்சு. அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்.

பிளக்ஸ் கடை வச்சிருக்குறது முத்துராசுன்னு ஒரு தம்பி. முப்பது வயசு இருக்கும், தங்கமான ஆளு. அந்தத் தாளையும், கேசட் அட்டையில இருந்த கறுப்பு வெள்ளப் படத்தையும் குடுத்தேன். படிச்சான். மொகம் மாறிருச்சு. எந்திரிச்சு எனக்கு நாற்காலிய இழுத்துப் போட்டான்.

"உக்காருங்கக்கா. தண்ணி குடிக்கீங்களா?"

எழுத்துக்கு உள்ள மரியாதைன்னு நெனச்சு உக்காந்தேன்.

"ரொம்ப வேண்டியவராக்கா?"

"உசுரு தம்பி."

"வயசு என்ன?"

"அறுவத்தி மூணு."

"அதெல்லாம் இந்தக் காலத்துல ஒரு வயசாக்கா"ன்னு தலைய ஆட்டுனான்.

"அதான நானும் சொல்லுதேன்"ன்னேன்.

"என்னைக்கு?"

"ஞாயித்துக்கெழம."

"ரெண்டு நாளு ஆகுமா. பிள்ளைக யாரும் வெளிநாட்டுல இருக்காவளோ?"

"மூத்த மகன் துபாய்ல இருக்கான்னு சொன்னாரு."

"அப்பச் சரி. ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு எடுக்காவ?"

விளாத்திகுளம் பஸ்ஸக் கேக்கான்னு நெனச்சேன். "எட்டரைக்கு எடுத்துருவான் தம்பி. பத்து மணிக்குள்ள இங்க வந்துரும்."

"ஓ, இங்க கொண்டு வாராவளா. பாடி எங்கன வைக்காவ?"

பாட எங்கன வைக்காவன்னு என் காதுல விழுந்துச்சு. "ஓட்டல் மாடியில"ன்னேன்.

"மாடியிலயா? படி ஏறணுமேக்கா."

"ரெண்டு பேரு கையப் பிடிச்சா ஏறிருவாரு."

அந்தத் தம்பி தண்ணி டம்ளர எம்பக்கம் நகத்தி வச்சான். பொறவு ரொம்ப மெதுவா, "பாடி எவ்வளவு நேரம் இருக்கும்?"ன்னான்.

"பாடி, பேசி, ரெண்டு மணி நேரம் ஆகும். பொறவு அங்கனயே சாப்பாடு. சைவந்தான்."

"சைவமாத்தானக்கா இருக்கணும்."

பேனரோட போஸ்டரும் அடிக்கவான்னு கேட்டான். ஊருக்குத் தெரியணும்லான்னான். ஊரே தெரிஞ்சுக்கிடணும் தம்பின்னேன். யாரு சார்புலன்னு கேட்டதுக்கு, அண்ணாச்சி, டீச்சர், நான்னு மூணு பேரு நம்பரையும் குடுத்தேன்.

"நீங்க அலையாதீங்கக்கா. போஸ்டர நானே ஆளு விட்டு ஒட்டச் சொல்லிருதேன். பேனரையும் நானே கட்டிருதேன். நீங்க வீட்டுல இருங்க. வேளைக்குச் சாப்புடுங்க."

வண்டிய எடுக்கும்போது வாசல் வரைக்கும் வந்து, "மனச விட்ராதீங்கக்கா"ன்னான்.

கலைக்கு நம்ம ஊர்ல இவ்வளவு மரியாதையான்னு வீடு வரைக்கும் நெஞ்ச நிமித்திக்கிட்டுதான் வண்டி ஓட்டுனேன்.

சனிக்கெழம சாயங்காலம் முத்துராசு போஸ்டர் மாதிரிய வாட்ஸ்அப்புல அனுப்பினான். ஆபீஸ்ல லாரி வந்து நிக்கி. பண்டல் எண்ணுதேன். படம் தெறக்காமச் சுத்திக்கிட்டே இருந்துச்சு. இதப் போயி என்னத்தப் பாக்கன்னு, 'சூப்பர் தம்பி'ன்னு போட்டேன். கூடவே கைதட்டுற பொம்மை மூணு.

ஞாயித்துக்கெழம காலைல எட்டரை மணிக்கு ரோசாப்பூ மாலை வாங்க ஸ்கூட்டியில கெளம்பினேன். மார்க்கெட்டுக்கு முந்துன செவத்துல நம்ம போஸ்டரு பளபளன்னு தெரியுது. சந்தோசமா வண்டிய ஓரங்கட்டுனேன்.

மேல பெரிய எழுத்துல கண்ணீர் அஞ்சலி.

ரெண்டு பக்கமும் குத்துவெளக்கு. மேல ஒரு புறா பறக்கு. நடுவுல தங்கப்பழம் அண்ணன் படம், அதுக்கு ஒரு மாலை. தோற்றம், மறைவுன்னு போட்டு, தேதி தெரியாததால அந்த எடத்துல ஆளுக்கொரு தாமரப்பூ. அதுக்குக் கீழ என் நாலு வரி.

ஒரு எழுத்துக்கூட அந்தத் தம்பி மாத்தல. மாத்த வேண்டிய அவசியமே இல்ல. அவ்வளவு பொருத்தமா உக்காந்திருந்துச்சு.

பக்கத்துல துண்டு போட்ட ஒரு பெரியவரு நின்னு படிச்சுக்கிட்டு இருந்தாரு. கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டு, "எழுதுனவன் நல்லா அனுபவிச்சு எழுதியிருக்காம்லா"ன்னு கண்ணத் தொடச்சாரு.

பொய் சொல்ல மாட்டேன். அரை நிமிசம் எனக்குப் பெருமையா இருந்துச்சு.

பொறவுதான் அடியில பாத்தேன். ஓட்டல் மாடியில அஞ்சலின்னு போட்டு, பக்கத்துல அண்ணாச்சி படம், டீச்சர் படம், என் படம். வாட்ஸ்அப்புல இருந்து எடுத்திருக்கான். எங்க மக சடங்கு வீட்டுல எடுத்த படம். கண்ணீர் மல்கக் கைகூப்பும்னு எழுதியிருக்க எடத்துக்குக் கீழ, நான் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிச்சுக்கிட்டு நிக்கேன்.

முத்துராசுக்குப் போன் போட்டேன்.

"எல்லாம் ஒட்டியாச்சுக்கா. இருவது எடம். பஸ் ஸ்டாண்டுக்குள்ள மட்டும் ஆறு."

"தம்பி, அவரு சாகல."

"அப்ப மாடியில?"

"அங்கன பாட வாராரு."

"நடந்தாக்கா?"

"ஆமா தம்பி, நடந்து."

"எட்டரைக்கு எடுக்காவன்னு சொன்னீங்களேக்கா."

"பஸ்ஸச் சொன்னேன்."

"மாதிரி அனுப்புனதுக்குக் கைதட்டுனீங்களேக்கா."

போன வச்சிட்டேன்.

தங்கப்பழம் அண்ணனுக்குப் போட்டேன். மணி அடிக்கி, எடுக்கல. பஸ்ஸு சத்தத்துல கேட்டிருக்காது. சரி, அவரு வந்து எறங்குறதுக்குள்ள கிழிச்சிருவோம்னு போஸ்டரு மேல கைய வச்சேன். ஓரம் பிஞ்சு வருது. பின்னால ஒருத்தர் வண்டிய நிறுத்திட்டாரு.

"ஏம்மா, துட்டிப் போஸ்டர எதுக்குக் கிழிக்க?"

"ஐயா, இவரு சாகல. தப்பா அடிச்சிட்டாவ."

அவரு போஸ்டரப் பாத்தாரு. அடியில இருந்த படத்தப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு.

"இது நீதான?"

"ஆமா."

"நீயே ஒட்டி நீயே கிழிக்கியா? சொத்துத் தகராறு இருந்தா வீட்டுக்குள்ள பேசித் தீத்துக்கிடணும்மா. செத்தவரு என்ன பாவம் செஞ்சாரு?"

சொல்லிட்டு, பிஞ்ச ஓரத்த உள்ளங்கையால தேச்சு ஒட்டிட்டுப் போனாரு.

குரூப்ல சொல்லிருவோம்னு போனத் தெறந்தேன். நூத்திச்சொச்சம் மெசேஜ் வந்து கெடக்கு. போஸ்டர யாரோ படம் எடுத்துப் போட்டிருக்காவ.

அண்ணாச்சி எழுதியிருக்காரு: 'எங்கள் கடைத் திறப்பு விழாவில் வந்து பாடிய மாமனிதர்.' அந்தக் கடையத் தெறந்தது அவிய அப்பா. அப்ப தங்கப்பழம் அண்ணனுக்குப் பால் பல்லு விழுந்திருக்காது.

டீச்சர் எழுதியிருக்காவ: 'காலை முதல் அவர் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டு இருக்கிறேன்.' கீழ ஒரு லிங்க். தொட்டா கொரியாப் பையங்க ஆடுதானுவ.

போன வாரம் வரைக்கும் பேரே தெரியாதுன்னு சொன்னவிய எல்லாம் அவரு மடியில வளந்த மாதிரி எழுதியிருக்காவ.

நான் எழுதினேன்: 'அவர் சாகவில்லை.'

'உண்மை அக்கா. பாடகனுக்கு ஏது சாவு'ன்னு பதில் வந்துச்சு.

'உயிரோடு இருக்கிறார்.'

'நம் ஒவ்வொருவர் உள்ளத்திலும்'னு ஒருத்தர். அதுக்குக் கைகூப்புன பொம்மை ஒம்பது.

'இன்று பதினோரு மணிக்கு வருகிறார்!'

'காற்றாக வருவார்.'

வேற வழியில்லாம வாய்ஸ்ல பேசினேன். பதட்டத்துல மூச்சு வாங்குது, அழுகையும் வருது. "நெசமாத்தான் சொல்லுதேன், அவரு உசுரோட இருக்காரு, நம்புங்க"ன்னு கத்துனேன்.

அண்ணாச்சி ஒடனே போட்டாரு: 'செல்விம்மா ரொம்ப உடைஞ்சு போயிருக்கா. யாராவது பெண்கள் போய்க் கூட இருங்க.'

போனப் பையில போட்டுட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

பத்து மணிக்குப் பஸ்ஸு வந்துச்சு. வெள்ள வேட்டி, வெள்ளச் சட்ட, மை அடிச்ச தலமுடி. கையில ஒரு துணிப்பை. எறங்கினதும் எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டாரு.

"செல்வியாம்மா? நம்மள ஞாபகம் வச்சுக் கூப்புட்டீங்களே."

நான் கைய விரிச்சுக்கிட்டு, செவத்துல இருந்த போஸ்டர முதுகால மறைச்சுக்கிட்டு நின்னேன். "வாங்கண்ணே, வேகமாப் போயிருவோம்."

அவரு என்னையப் பாக்கல. எனக்கு எதுத்தாப்புல தூண்ல இருந்ததப் பாத்தாரு. பக்கத்துல போனாரு. மூக்குக் கண்ணாடிய எடுத்துப் போட்டாரு. மேல இருந்து படிக்க ஆரம்பிச்சாரு.

என் வாழ்க்கையில அவ்வளவு நீளமான நிமிசம் வந்ததில்ல. அவர் படிக்கப் படிக்க எல்லாத்தையும் ஒப்பிச்சேன். பிளக்ஸ் கடை, பாடி, பஸ்ஸு, கைதட்டுன பொம்மை எல்லாம். "மன்னிச்சிருங்கண்ணே"ன்னு அழுதுட்டேன்.

"எத்தன ஒட்டியிருக்கீங்க?"ன்னாரு.

"இருவதுண்ணே."

"எல்லாம் கலர்லயா?"

"ஆமாண்ணே."

"என் கல்யாணத்துக்கே வெள்ளத்தாள்ல கறுப்புலதான் அடிச்சாவ."

மறுபடியும் படிச்சாரு. உன்னைப் போல் ஒருவர் இனி வரப்போவதில்லைங்க வரியில வெரல வச்சாரு.

"இது யாரு எழுதுனது?"

"நான்தாண்ணே."

"இத ஒருத்தரும் இதுவரைக்கும் எங்கிட்ட சொன்னதில்லம்மா"ன்னாரு.

ஓட்டலுக்குப் போனா, படிக்கட்டுல செருப்பு வைக்க எடமில்ல. பதினெட்டு பேருக்குப் போட்ட ஹால்ல எரநூறு பேரு இருக்கும். செவத்த ஒட்டி நிக்காவ. மாலை மலையாக் குமிஞ்சு கெடக்கு. மேடையில பேனரு, முன்னால குத்துவெளக்கு. கொடை நடத்துன பழைய கமிட்டிக்காரவிய எல்லாம் சுத்துப்பட்டு ஊர்கள்ல இருந்து பைக்ல வந்திருக்காவ.

"இவ்வளவு பேரும் எனக்கா?"ன்னாரு தங்கப்பழம் அண்ணன் வாசல்லயே நின்னு.

"மைக்ல சொல்லிருதேண்ணே. நீங்க மேல ஏறுங்க."

"இரும்மா. சொன்னா பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிருவான். கொஞ்ச நேரம் கேட்டுக்கிடுதேன்."

சட்டப் பையில இருந்து ஒரு மாஸ்க்க எடுத்து மாட்டிக்கிட்டாரு. கடைசி வரிசையில, அவரு அஞ்சலிக்கு அவரே போயி உக்காந்தாரு. நான் பக்கத்துல உக்காந்தேன். வேற என்ன செய்ய?

அண்ணாச்சி பேசினாரு. கடைத் திறப்பு விழாவ இன்னும் விரிவாச் சொன்னாரு. பொறவு ஒரு கமிட்டிக்காரரு வந்து, "எங்க ஊருக் கொடையில மழை கொட்டுது. மனுசன் நனைஞ்சுக்கிட்டே விடிய விடியப் பாடினாரு"ன்னு தேம்புனாரு.

தங்கப்பழம் அண்ணன் எங்காதுக்குள்ள, "அன்னைக்கு ஜெனரேட்டர் ரிப்பேரு. எட்டு மணிக்கே புரோட்டா தின்னுட்டுத் தூங்கிட்டேன்"ன்னாரு. ஆனா கண்ணு கலங்கியிருந்துச்சு.

டீச்சர் பேசினாவ. அண்ணன் பேர ரெண்டு தடவை தங்கராசுன்னு சொன்னாவ. அவரு அதையும் பொறுத்துக்கிட்டாரு.

நாலாவதா வந்தவரு பேரு ரத்தினம். அண்ணனோட கச்சேரியில பன்னெண்டு வருசம் கீபோர்டு வாசிச்சவராம்.

"நல்ல மனுசன்"னு ஆரம்பிச்சாரு. "ஆனா போயிட்டாருங்கதுக்காக நாம பொய் பேசக் கூடாது. மேல போனா அவருக்குச் சுருதி நிக்காது. நான்தான் கீபோர்டுல சத்தத்தக் கூட்டி மறைச்சு வச்சேன்."

பக்கத்து நாற்காலி ஆடுச்சு. நான் அவரு கையப் பிடிச்சேன். "அண்ணே, வேண்டாம்ணே." உதறிட்டாரு. நடுவழியில நேரா நடந்தாரு. மேடை ஏறி, ரத்தினம் கையில இருந்த மைக்கப் பிடுங்கி, மாஸ்க்கத் தாடைக்கு எறக்கிவிட்டு, பாட ஆரம்பிச்சிட்டாரு.

கரோக்கி இல்ல, ஒண்ணும் இல்ல. வெறுங்குரல். மொத கேசட்ல ரெண்டாவது பாட்டு. அந்தப் பாட்டுல ஒரு எடத்துல ஏணியில ஏறுற மாதிரி ஏறி, உச்சியில நின்னு கீழ பாக்கணும். ஏறுனாரு. உச்சியில கொரலு லேசா நடுங்குச்சு. பொறவு நின்னுச்சு. நான் பிளஸ் டூ படிக்கையில நின்ன மாதிரியே நின்னுச்சு. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு.

பாடி முடிச்சாரு.

முன் வரிசையில ஒருத்தர் பக்கத்துல இருந்தவருகிட்ட, "யாருவே இது? அவரு மாதிரியே பாடுதாரு"ன்னாரு.

"நல்ல முயற்சிதான்"னாரு அடுத்தவரு. "ஆனா அவரு கொரல்ல ஒரு கனம் இருக்கும்லா. அது இவருக்கு வரல."

அண்ணாச்சி மேடைக்கு வந்து, கண்ணத் தொடச்சுக்கிட்டு, "ரொம்ப நன்றி. நீங்க அவருக்குச் சொந்தமா?"ன்னு கேட்டாரு.

"நான்தான் தங்கப்பழம்."

அண்ணாச்சி திரும்பி பேனர்ல இருந்த படத்தப் பாத்தாரு. அது முப்பத்தஞ்சு வருசத்துக்கு முந்தின படம். இவரப் பாத்தாரு. எரநூறு பேரும் அண்ணாச்சியப் பாக்காவ. அட்மின்லா, ஏதாவது முடிவெடுக்கணும்.

மைக்லயே கேட்டாரு. "ஆதார் கார்டு இருக்கா?"

அண்ணன் மடியில இருந்து எடுத்துக் குடுத்தாரு. அண்ணாச்சி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு. "பேரு சரியா இருக்கு"ன்னாரு. "ஆனா இதுல உள்ள படம் பேனர்ல உள்ளவரு மாதிரியும் இல்ல, இவரு மாதிரியும் இல்ல."

அப்பத்தான் ரத்தினம், மேடை ஓரத்துல நாற்காலியில சாஞ்சு கெடந்தவரு, கையத் தூக்குனாரு.

"இவருதான்."

"எப்படிச் சொல்லுதீங்க?"

"ரெண்டாவது சரணத்துல வார்த்த மறந்துபோயி லா லான்னு சமாளிச்சாரு பாத்தீங்களா. வேற எவனும் அப்படிப் பாட மாட்டான். அது அவரேதான்."

அதுக்குப் பொறவுதான் ஹாலு நம்புச்சு. ஒரு அம்மா மயங்கி விழுந்து, தண்ணி தெளிச்சதும் எந்திரிச்சு மறுபடியும் அவரப் பாத்து விழுந்தாவ. கமிட்டிக்காரரு ஓடி வந்து கட்டிப்பிடிச்சு, அந்த மழைக் கொடைய அவருகிட்டயே ஒரு தடவை சொன்னாரு. அண்ணனும் ஆமா ஆமான்னு தலையாட்டுனாரு. நாலஞ்சு பேரு, வீட்டுல சொல்லிட்டு வேலையப் போட்டுட்டு வந்தோம், இப்படி ஏமாத்திட்டாவளேன்னு முணுமுணுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போனாவ. மத்தவிய இருந்தாவ.

வைக்கக் கொண்டு வந்த மாலைய எல்லாம் அவரு கழுத்துலயே போட்டாவ. ஒண்ணரை மணி நேரம் பாடினாரு. பேனர அவுக்க முடியல. முத்துராசு ஆணி அடிச்சு அவ்வளவு பலமா இறுக்கியிருந்தான். பாவம், கத்திரியும் பசையுமா ஓடி வந்து, மேல இருந்த எழுத்த மறைக்க வெள்ளத்தாள் ஒட்டுனான். பேப்பரு பத்தல. அஞ்சலி மட்டும் மறைஞ்சுச்சு. கண்ணீர்ங்கது அப்படியே இருக்க, அதுக்குக் கீழ நின்னுதான் அண்ணன் காதல் பாட்டெல்லாம் பாடினாரு.

சாப்பாடு இருவத்தஞ்சு பேருக்குச் சொல்லியிருந்துச்சு. டீச்சர் கணக்கு டீச்சருங்கதால எரநூறுக்கும் பங்கு வச்சுட்டாவ. எனக்கு வந்தது ஒரு கரண்டி சோறும் அரை அப்பளமும்.

ரத்தினம் சாப்புடாம மூலையில நின்னாரு. அண்ணன் அவரத் தேடிப் போயி, "சுருதி எப்படி இருந்துச்சு?"ன்னாரு.

"நின்னுச்சு"ன்னாரு ரத்தினம். "நான் இல்லாமலே நின்னுச்சு. அதான் எனக்கு வருத்தமா இருக்கு."

ரெண்டு பேரும் ஒருத்தர் தோள்ல ஒருத்தர் கையப் போட்டுக்கிட்டு டீ குடிக்கப் போனாவ.

நாலு மணிக்கு அண்ணனப் பஸ்ஸேத்தப் போனேன். சன்னலோரம் உக்காந்தவரு, "அந்தப் போஸ்டர் மிச்சம் ஒண்ணு கெடைக்குமாம்மா?"ன்னாரு.

"எதுக்குண்ணே?"

"வீட்டுல காட்டணும். பாட்டுப் பாடி என்னத்தக் கண்டீங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

முத்துராசு கடையில இருந்து மடிக்காத ஒண்ண வாங்கி, சுருட்டி ரப்பர் போட்டுக் குடுத்தேன்.

மறுநாள் ஆபீஸ்ல இருக்கையில அண்ணன் போன் போட்டாரு. மூணு ஊர்க்காரவிய கொடைக்குப் பாடக் கூப்புட்டிருக்காவளாம். உசுரோட இருக்குறத உறுதி பண்ணிட்டுத்தான் கூப்புட்டாவளாம். எனக்கு மனசு லேசாச்சு.

"அண்ணே, போஸ்டர வீட்டுல காட்டுனீங்களா?"

"காட்டுனேம்மா. மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சா."

"கோவப்பட்டாவளாண்ணே?"

"ரொம்பக் கோவம். எங்கிட்ட இன்னும் பேசல."

"நான் வேணும்னா நேர்ல வந்து மன்னிப்புக் கேட்டுருதேண்ணே. உசுரோட இருக்கவருக்குப் போயி இப்படி அடிச்சிட்டோமேன்னு..."

"அதெல்லாம் அவ கண்டுக்கிடலம்மா. உங்க மூணு பேரு படத்தையும் போட்டுட்டு, பொண்டாட்டி படத்தப் போடலையாம். அடுத்த தடவை மறக்காமப் போட்டுரணுமாம்."